ஜெரண்ட் ஃப்ரேஸில் தோற்றவர்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், பணியாளர்கள் டீ குடிக்கும் அறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. "லீவிங் டர்ட்டி கப்ஸ் இன் த சிங்க் இஸ் நாட் ஓகே." அழுக்குக் கோப்பைகளைத் தொட்டியில் விட்டுப்போவது சரியில்லை. அவ்வளவுதான். யாரைச் சொல்கிறார்கள், யார் சொல்கிறார்கள், ஒன்றும் கிடையாது. 'தயவுசெய்து' கிடையாது. நியூசிலாந்துக்கு வந்த புதிதில் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். என்னைத்தான் சொல்கிறார்களோ என்று என் கோப்பையை இரண்டு தரம் கழுவி வைப்பேன். இதே சங்கதியைக் கோயமுத்தூரில் நான் முன்பு நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் எழுதி ஒட்ட வேண்டியிருந்தால், "டம்ளரக் கழுவி வெச்சுட்டுப் போனீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்றுதான் எழுதியிருப்போம். அப்படி எழுதியும் யாரும் கழுவியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த மாதிரி வாக்கியத்தின் தலையில் வந்து உட்காரும் அந்தச் சொற்கூட்டத்துக்கு ஜெரண்ட் ஃப்ரேஸ் என்று பெயர். இங்கே நர்ஸ் வேலைக்கு வர ஆங்கிலத் தேர்வு எழுதினேன் அல்லவா, அப்போது படித்தது. நாம் 'போவது', 'வருவது', 'சாப்பிடுவது' என்று செயலையே பெயராக்கிப் பேசுகிறோம். பள்ளிக்கூடத்தில் தொழிற்பெயர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு இது ஒன்றுவிட்ட தங்கை முறை. வினைச்சொல்லின் கடைசியில் ஒரு 'இங்' சேரும். அதன் பின்னால் எதை, எங்கே, எப்படி என்று நாலைந்து சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு பெயர்ச்சொல் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். கேட்க எளிதுதான். ஆனால் 'ஐ ஆம் ஈட்டிங்' என்று இப்போது நடப்பதைச் சொல்லும்போதும் அதே 'இங்'தான் வருகிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், வயது வந்த பிறகு இங்கிலீஷ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் வழுக்கி விழுவார்கள். இந்த ஜெரண்ட் ஃப்ரேஸ்தான் என் குடும்பத்தை ஆறு வருஷமாக இரண்டு தேசத்தில் வைத்திருக்கிறது என்று போன மே மாதம் வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நானும் என் மகளும் இருப்பது நியூசிலாந்தின் தெற்கு முனையில் ஒரு சின்ன ஊரில். மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரர் தங்கவேல் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் எது எரிந்துபோனாலும் பழைய செம்புக்கம்பிக் காயிலைப் பிரித்துப் புதுக் காயில் கட்டிக் கொடுப்பார். கட்டிய கணவன் பேரை இப்படிச் சட்டென்று எழுதுவதற்கு எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. இந்த ஊரில் பேரைச் சொல்லாவிட்டால் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒருத்தருக்கும் விளங்குவதில்லை.

விளங்காமல் போன விஷயங்கள் நிறைய. வந்து மூன்றாம் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஜூடி என்று ஒருத்தி என்னோடு வேலை செய்கிறாள். அறுபதைத் தொடும் வயது, மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை தனக்குப் பதிலாக நான் வர முடியுமா என்று கேட்டாள். பாப்பா அப்போது பத்து வயதுக் குழந்தை, புது ஊர், தனியாக விட்டுவிட்டு வர வழியே இல்லை. ஆனால் ஒருத்தர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் இழுத்து, "ஐ வில் ட்ரை" என்றேன். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூட அது புரிந்திருக்கும். ஜூடி என்னைக் கட்டிப்பிடித்து "தேங்க் யூ டார்லிங்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊரில் பேரன் பிறந்தநாளுக்குப் போய்விட்டாள். ஞாயிறு காலை பன்னிரண்டு முதியவர்களுக்கு ஒற்றை ஆள். திங்கட்கிழமை மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். சத்தமெல்லாம் போடவில்லை. "சேயிங் நோ இஸ் ஃபைன். நாட் டர்னிங் அப் இஸ் நாட்" என்றார். முடியாது என்று சொல்வது தப்பில்லை, வராமல் இருப்பதுதான் தப்பு. அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இரண்டுமே ஜெரண்ட் ஃப்ரேஸ் என்பதுதான். அழுகை அப்புறம்தான் வந்தது.

அதன் பிறகு கண்ணாடி முன்னால் நின்று "நோ, ஐ காண்ட்" என்று சொல்லிப் பழகினேன். பாப்பா சிரித்துச் சிரித்து விழுவாள். ஒரு வருஷத்தில் தேறிவிட்டேன். இப்போது நான் 'நோ' சொல்கிற வேகத்தைப் பார்த்தால் எங்கள் சொந்தக்காரர்கள் மயக்கம் போட்டு விழுவார்கள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கொங்கு நாட்டைத் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் ஒருத்தரை முகத்துக்கு நேராக மறுக்க மாட்டார்கள். மறுப்பு உண்டு, மறுப்புச் சொல் கிடையாது. சென்னிமலையில் என் பிறந்த வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க முதன்முதலில் ஒரு குடும்பம் வந்தது. பஜ்ஜி நன்றாக இருந்தது என்றார்கள், பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள், என் அப்பாவோடு மஞ்சள் விலை பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். வாசலில் செருப்பைப் போடும்போது மாப்பிள்ளையின் மாமா, "ஊட்டுல ஒரு வார்த்த கலந்துபோட்டுச் சொல்லி அனுப்பறமுங்க" என்றார். அப்பா கும்பிட்டு அனுப்பிவிட்டு உள்ளே வந்து, "அவீங்களுக்குப் புடிக்கல, அடுத்த எடம் பாப்போம்" என்றார். ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் இல்லை. அந்த மாமாவை அப்புறம் எத்தனையோ கல்யாணங்களில் பார்த்திருக்கிறோம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் இந்த வித்தையில் இன்னும் ஒரு படி மேல். பட்டறைக்கு எந்த மோட்டார் வந்தாலும் முடியாது என்று அவர் வாயிலிருந்து வராது. "வெச்சுட்டுப் போங்க" என்பார். செய்யப்போகிற மோட்டார் என்றால் ஆள் இருக்கும்போதே ஒரு அட்டைச் சீட்டில் பேர் எழுதிக் கம்பியில் கோத்துக் கட்டுவார். செய்ய முடியாதது என்றால் சீட்டுக் கட்ட மாட்டார். வாடிக்கையாளர் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். சீட்டைக் காணோம் என்றால், "செரிங்க, அப்புறமா வந்து எடுத்துக்கறனுங்க" என்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். என் வீட்டுக்காரரும் டீ சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுவார். இருபது வருஷமாக அந்தப் பட்டறை இப்படித்தான் நடக்கிறது.

எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது, மூன்று பேரும் சேர்ந்தே வரலாம் என்றுதான் இருந்தேன். அவர் ஒரு நிபந்தனை சொன்னார். இங்கே மின்சார வேலை செய்ய உரிமம் வேண்டும், உரிமத்துக்கு ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். "நீயும் பாப்பாவும் மொதல்ல போங்க. பொண்டாட்டி சம்பாத்தியத்துல நானு சும்மா உக்காந்து சாப்புட முடியாது அம்மணி. அந்தப் பரீட்சைய எழுதிப்போட்டு வாரேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏர்போர்ட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறே மாதம் என்றேன். அவரும் ஆறே மாதம் என்றார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். முதல் தேர்வில் ஹெட்போன் சரியாகக் கேட்கவில்லை என்றார். இரண்டாவதுக்கு முந்தின நாள் காய்ச்சல். மூன்றாவதில் மற்ற எல்லாப் பகுதியும் தேறி, எழுத்துத் தேர்வில் மட்டும் அரைப் புள்ளி குறைந்தது. "அந்த ஜெரண்டு ஃப்ரேஸுதான் அம்மணி மண்டையில ஏற மாட்டேங்குது" என்றார். விட்டேனா? நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தேன். எனக்கு மாலை ஏழு மணி, அவருக்கு மதியம் பன்னிரண்டரை. நான் வேலை முடிந்து வந்து சோபாவில் உட்காருவேன். அவர் பட்டறையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, போனை ஒரு பழைய மோட்டார் மூடிமேல் சாய்த்து வைத்து, நோட்டும் கையுமாக இருப்பார். அரை மணி நேரம் பாடம். பாப்பா சில நாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, ஃபெயில்!" என்று கத்திவிட்டு ஓடுவாள்.

எட்டு மாதம் நடந்தது அந்தப் பாடம். அவருக்குப் பிடிபடட்டும் என்று அவர் தொழிலிலிருந்தே உதாரணம் எடுப்பேன். "கட்டிங் த பவர் ஃபர்ஸ்ட் இஸ் சேஃப்." முதலில் கரண்டை நிறுத்துவது பாதுகாப்பு. "கட்டிங் த பவர் ஃபர்ஸ்ட்" என்பது முழுவதும் ஒரே பெயர் என்று விளக்குவேன். "ஆமா அம்மணி, செரி அம்மணி" என்பார். இன்னொரு வாக்கியம் நீங்களாகச் சொல்லுங்கள் என்றால், "ஐ ஆம் கட்டிங் த பவர் இஸ் சேஃப்" என்பார். மறுபடி விளக்குவேன். மறுநாள் அதே தப்பு. ஒரு வாரம் கழித்துப் புதுத் தப்பு. நான் சிரிப்பேன், சலித்துக்கொள்வேன், ஒரு தடவை கோபித்துக்கொண்டு போனையே வைத்துவிட்டேன். மறுநாள் சரியாகப் பன்னிரண்டரைக்கு அவரே கூப்பிட்டு, "இன்னிக்கு என்ன பாடம் அம்மணி?" என்றார். இவ்வளவு அக்கறையான மாணவர் ஏன் தேறவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

இதை ஒரு நாள் ஜூடியிடம் புலம்பினேன். எட்டு மாதம், ஒரே பாடம், ஒரே தப்பு என்றேன். அவள் டீயைக் கலக்கிக்கொண்டே, "டஸ் ஹி வாண்ட் டு கம்?" என்று கேட்டாள். அவருக்கு வர விருப்பமா? எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இந்த வெள்ளைக்காரிக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும்? விருப்பமில்லாத மனுஷன் தினமும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாரா? "ஆஃப் கோர்ஸ் ஹி வாண்ட்ஸ். இட் இஸ் ஒன்லி த கிராமர்" என்றேன். இலக்கணம் மட்டும்தான் பிரச்சினை. ஜூடி "ஓகே" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள். இரண்டு நாள் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை; தலைவலியா என்று கேட்டு மாத்திரை கொடுத்தாள்.

மே மாதம் எனக்கு மூன்று வாரம் விடுப்புக் கிடைத்தது. பாப்பாவுக்குப் பள்ளித் தேர்வு இருந்ததால் அவளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வந்தேன். நான் ஊரில் இருக்கும்போதே நான்காவது தேர்வு வருகிற மாதிரி அவரைப் பதிவு செய்ய வைத்திருந்தேன். கூடவே இருந்து, பரீட்சை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுவது என்று திட்டம். கோயமுத்தூரில் அப்போது நல்ல வெயில். கிணறும் போரும் வற்றி, மோட்டார்கள் காற்றை இழுத்து எரிந்துபோய்ப் பட்டறை வாசலில் வரிசையாகக் கிடந்தன. அவர் வார்னிஷ் வாசனையோடு வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து வைப்பார். நேரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தும் அதே "ஐ ஆம் கட்டிங் த பவர் இஸ் சேஃப்."

தேர்வு புதன்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அவர் வகுப்புக்குப் போனார். நான் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே ஒரு ஆட்டோ பிடித்து ஆர்.எஸ்.புரம் போனேன். அவருக்குத் தெரியாமல் அந்த டீச்சரைப் பார்த்து, இந்த நாலு நாளாவது தனியாகக் கவனிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கணவன் மக்கு என்று இன்னொருத்தரிடம் சொல்லப் போகிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது வகுப்பு. முன்னறையில் அந்த டீச்சர், ஸ்டெல்லா மிஸ், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பாடத்துக்கான வேதப் புத்தகம் ஒன்று மேஜைமேல் இருந்தது. நான் இன்னாரென்று சொன்னதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எங்க ஊட்டுக்காரருக்கு அந்த ஜெரண்ட் ஃப்ரேஸ் மட்டும் வர மாட்டேங்குதுங்க மிஸ். இந்த நாலு நாள் கொஞ்சம் தனியாக் கவனிச்சுக்க முடியுங்களா?"

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "தங்கவேல் சாருக்குங்களா?"

"ஆமாங்க."

"ஏனுங்க, அந்தப் பாடத்த இங்க நடத்தறதே அவருதானுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மிஸ் நடத்தும்போது அந்தப் பாடம் யாருக்கும் புரியாதாம். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவருக்குத் தங்கவேல் மெதுவாக விளக்கியது மிஸ்ஸின் காதில் விழுந்ததாம். அதிலிருந்து அந்தப் பாடம் வந்தால் மார்க்கரை அவர் கையில் கொடுத்துவிடுவாராம். வகுப்பில் வைக்கிற மாதிரித் தேர்வுகளில் அந்தப் பகுதியில் அவருக்கு ஒரு மார்க்கூடக் குறைந்ததில்லையாம். "நெசப் பரீட்சையில மட்டும் ஏன் உட்டுடறாருன்னு நானும் யோசிச்சிருக்கறனுங்க" என்றார். பிறகு உள்ளே கை காட்டினார். "இப்பக்கூட அவருதானுங்க நிக்கறாரு."

கதவில் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் நர்ஸுகள் மாதிரி தெரிந்தார்கள். ஒரு வெல்டர், நரைத்த மீசையோடு அந்த லாரி டிரைவர். என் வீட்டுக்காரர் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் எண்ணெய் இல்லாமல், முழுக்கைச் சட்டையில், நான் பார்த்தே இராத ஒரு நிமிர்வோடு.

"இந்த 'இங்'குல முடியற வார்த்தைய மட்டும் தனியாப் புடுங்கிப் பாக்காதீங்க. அதும் பின்னால என்னென்ன ஒட்டீட்டு வருதோ அத்தனையும் ஒரே செட்டு. செட்டோட கழட்டோணும். கழட்டுன எடத்துல 'இட்'டுன்னு ஒத்த வார்த்தையப் போட்டு ஓட்டிப் பாருங்க. ஓடுச்சுன்னா அது ஜெரண்ட் ஃப்ரேஸ்."

பலகையில் எழுதினார். "ரீவைண்டிங் எ பர்ண்ட் மோட்டார் டேக்ஸ் டூ டேஸ்." எரிந்துபோன மோட்டாரைத் திரும்பக் கட்ட இரண்டு நாள் ஆகும். முதல் நாலு வார்த்தையை அழித்துவிட்டு 'இட்' என்று போட்டார். "இட் டேக்ஸ் டூ டேஸ். ஓடுதுங்களா?" ஓடுதுங்க என்றது வகுப்பு. அடுத்து "ஐ ஆம் ரீவைண்டிங் எ பர்ண்ட் மோட்டார்" என்று எழுதி, 'ஐ ஆம்' என்பதை விட்டுவிட்டு மற்றதை அழித்து 'இட்' போட்டார். "ஐ ஆம் இட். ஓடுதுங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். "ஓடல. காயில் கருகிப்போச்சு. அப்ப இந்த 'இங்' வேற 'இங்'கு." எட்டு மாதமாக நான் சொல்லிக் கொடுத்ததில் இதில் கால்வாசித் தெளிவுகூடக் கிடையாது. நானே அந்த இடத்தில்தான் பாடத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னால் நம்புங்கள்.

மூன்றாவதாக ஒரு வாக்கியம் எழுதினார். "ஷி லைக்ஸ் லிவிங் தேர்." அவளுக்கு அங்கே வாழ்வது பிடிக்கிறது. கடைசி இரண்டு வார்த்தையை அழித்து 'இட்' போட்டார். "ஷி லைக்ஸ் இட். ஓடுதுங்களா?" ஓடுதுங்க என்றார்கள். "ஓடுது" என்று அவரும் சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்தார்.

நான் உள்ளே போகவில்லை. மிஸ்ஸிடம் சொல்லிக்கொண்டு கீழே வந்து, டிபி ரோட்டில் நகைக்கடைகளையும் துணிக்கடைகளையும் பார்க்காமலே பார்த்துக்கொண்டு நடந்தேன். கோபம் வந்தது. அவமானமாக இருந்தது. எட்டு மாதம் ஒரு மனுஷன் என்னை உட்கார வைத்துத் தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறான், நானும் சிரத்தையாகத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவர்மேல் இருந்த கோபம் என்மேல் திரும்பிவிட்டது. ஹெட்போன் கேட்கவில்லை, காய்ச்சல், இலக்கணம் வரவில்லை. வரிசையாக இப்படி மூன்று காரணம் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். என் அப்பா முதல் காரணத்திலேயே கண்டுபிடித்திருப்பார். நான் மூன்றையும் அப்படியே நம்பினேன். ஹெட்போனுக்கு ஒரு புகார் எழுதச் சொன்னேன், காய்ச்சலுக்கு மாத்திரை சொன்னேன், இலக்கணத்துக்குப் பாடம் எடுத்தேன். ஆறு வருஷம் முன்னால் ஜூடி என் பேச்சை எப்படி எடுத்துக்கொண்டாளோ அப்படியே நான் என் புருஷன் பேச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதில் கொடுமை, அந்த ஜூடிக்குத்தான் இந்தத் தடவை புரிந்திருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலை குவிந்து கிடந்ததால் பட்டறையைத் திறந்திருந்தார். வேலைக்காரர்கள் யாரும் வரவில்லை. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். காயிலுக்கு இடையில் காகிதப் பட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நேத்து நானு துணிக்கடைக்குப் போகலீங்க. உங்க கிளாஸுக்குத்தான் வந்தேன்."

கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தார். "உள்ள வந்திருக்கலாமில்ல" என்றார்.

"ஒத்த வார்த்த, நானு வரலைன்னு சொல்லியிருந்தா என்னங்க? எட்டு மாசம் என்னைய டீச்சராக்கி உக்கார வெச்சீங்களே!"

"எப்புடி அம்மணி சொல்றது?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வரலைன்னு சொன்னா நீ அத்தனையும் உட்டுப்போட்டு ஓடி வந்துருவ. உன்ற வேல போச்சு, பாப்பா படிப்பும் போச்சு. வாரேன்னு சொன்னா நானு இந்தப் பட்டறைய உட்டுப்போட்டு வரோணும். அங்க வந்து எவனுக்கோ டூல்ஸ் எடுத்துக் குடுத்துட்டு நிக்கோணும். என்னால ஆகாது. பெயிலானா ரெண்டும் இல்ல பாரு. ஆரு மேலயும் குத்தமில்ல."

"செரி, பரீட்சையில பெயிலாவுங்க. எங்கிட்ட எதுக்குங்க தெனமும் தப்புத் தப்பாச் சொன்னீங்க?"

"சரியாச் சொல்லிப்போட்டா நீ பாடத்த முடிச்சுருவீல்ல."

எனக்குத் திட்டுவதற்கு நிறைய இருந்தது. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு அவர் காத்திருந்திருக்கிறார் என்பது இனிக்கவும் செய்தது, சுடவும் செய்தது. பாடத்துக்கு முன்னால் நாங்கள் போனில் என்ன பேசிக்கொண்டோம் என்று யோசித்தேன். சாப்பிட்டீங்களா, பாப்பா தூங்கிட்டாளா, மழையா. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அவர் வார்னிஷ் கையால் தொடக்கூடாது என்று தள்ளியே நின்றார்.

அழுது முடித்த பிறகு அவர்தான் பேசினார். "புதங்கெழம பரீட்ச இருக்குது. இப்ப நீ சொல்லு. வான்னா இந்தத் தடவ ஒழுங்கா எழுதிப்போட்டு வந்தர்றேன்."

அதைச் செய்வார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் தேறிவிடுவார், தேறிவிட்டால் வந்துவிடுவார். வந்து, எங்கள் ஊர்க் குளிரில், யாரோ ஒரு இருபத்தைந்து வயதுப் பையனுக்குக் கீழே, இந்த நிமிர்வை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார். நான் கூப்பிட்டதற்காக வந்தேன் என்று ஒரு நாளும் சொல்லிக் காட்ட மாட்டார். அதை நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

"எழுத வேண்டாங்க" என்றேன். "நீங்க அங்க வர வேண்டாங்க."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. அந்தப் பட்டறைக்குள் இவ்வளவு நேராக ஒரு 'வேண்டாம்' அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திடுக்கிட்டுத்தான் போனார். பிறகு தோளைக் கீழே விட்டு, பெரிதாக ஒரு மூச்சு விட்டு, எனக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சாப்பாட்டைப் பிரித்து வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். வகுப்பில் நீங்கள் சொன்ன அந்த 'இட்' வைத்தியம் பிரமாதம் என்றேன். கூச்சத்தோடு சிரித்தார். மழைக்காலத்தில் பட்டறையில் வேலை குறைவுதான், அப்போது ரெண்டு மாதம் சுற்றிப் பார்க்க மட்டும் அங்கே வரலாமா என்று அவரே கேட்டார். தாராளமாக வரலாம் என்றேன். மனது லேசாகிவிட்டது. எல்லாம் பேசித் தீர்த்துவிட்டோம், இந்த ஒரு வீட்டிலாவது மனதில் இருப்பதை வாயால் சொல்லிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து துண்டில் துடைத்துக்கொண்டே, "நானு ஒண்ணு கேக்கறேன்" என்றார். "நீயும் இப்பச் சொன்ன மாதிரியே நேராச் சொல்லோணும்."

"கேளுங்க."

"நீ இங்க திரும்பி வருவியா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் நேரான கேள்வி அதுதான். பதில் எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும் என்று அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. முதியோர் இல்லத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் சொல்கிற சின்ன வார்த்தை. அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"பாப்பா படிப்பு முடியட்டுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஆமா, முடியட்டும், முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, விட்ட இடத்திலிருந்து காயிலை எடுத்தார். எந்த வருஷம் முடியும் என்று அவர் கேட்கவில்லை.